முதலில் கேளுங்கள்: மக்கள் தொடர்பாளர்களின் சமூக ஊடகச் சந்தேகங்கள்

செய்திக்குறிப்பு எழுதுவதிலும் நிருபர்களோடு பேசுவதிலும் கைதேர்ந்த பலர், சமூக ஊடகம் என்றதும் தயங்குகிறார்கள். அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: இத்தனை வருடமும் நாளிதழ், தொலைக்காட்சி நிருபர்களோடுதான் என் வேலை. இப்போது "ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றையும் நீங்களே பாருங்கள்" என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எதில் தொடங்குவது?
– ஒரு தனியார் நிறுவனத்தின் பி.ஆர்.ஓ.

அந்த முடிவை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். அதுவரை ஒரு பதிவும் போட வேண்டாம். உங்கள் நிறுவனத்தைப் பற்றி ஏற்கெனவே என்ன பேசுகிறார்கள் என்று தேடிப் படியுங்கள்.

தேட வேண்டிய சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயர் தமிழில், ஆங்கில எழுத்தில், மக்கள் தப்பாக எழுதும் விதத்தில், சுருக்கிக் கூப்பிடும் விதத்தில், தலைவரின் பெயர், முக்கியமான சேவைகளின் பெயர்கள். ஒவ்வொன்றோடும் "மோசம்", "ஏமாற்று", "வரவில்லை" போன்ற சொற்களைச் சேர்த்தும் தேடுங்கள். கோபத்தில் இருப்பவர் உங்கள் அதிகாரப்பூர்வப் பெயரை முழுதாக எழுத மாட்டார். உங்கள் கணக்கை டேக் செய்யவும் மாட்டார். அறிவிப்பு மணி அடிக்கும் என்று காத்திருந்தால் பெரும்பாலான பேச்சு உங்கள் கண்ணில் படாமலே போகும். எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தின் மேம்பட்ட தேடலில் தேதி வரம்பு வைக்கலாம், வேண்டாத சொல்லை விலக்கலாம். ஒரு சொல் இணையத்தில் புதிதாகத் தென்பட்டால் மின்னஞ்சல் அனுப்பும் கூகுள் அலர்ட்ஸில் இதே சொற்களைப் பதிந்து வையுங்கள். யூடியூப் காணொளிகளின் கீழுள்ள கமென்ட்களையும் கூகுள் மேப்ஸ் விமர்சனங்களையும் விட்டுவிடாதீர்கள். கடும் புகார்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

கிடைப்பதை ஒரு எக்செல் தாளில் பதியுங்கள்: தேதி, எந்தத் தளம், சொன்னது என்ன, அது கேள்வியா புகாரா பாராட்டா, அதற்கான பதில் நிறுவனத்தில் யாரிடம் இருக்கிறது. கடைசி நெடுவரிசைதான் உயிர். இரண்டு வாரத்தில் எந்தத் துறையோடு நீங்கள் தினமும் பேச வேண்டியிருக்கும் என்பது அதில் தெரிந்துவிடும். எந்தத் தளத்தில் பேச்சு அதிகமோ அங்கே தொடங்குங்கள். முதல் மூன்று மாதம் அந்த ஒன்று போதும்.

க்ரூனிக், ஹன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் மக்கள் தொடர்பை நான்கு வகையாகப் பிரித்தார்கள். நான்காவது, நிறுவனமும் மக்களும் சமமாகப் பேசிக்கொண்டு இரண்டு பக்கமும் மாறுவது. அச்சு ஊடகக் காலத்தில் அதற்கு வாய்ப்பு குறைவாக இருந்தது. இன்று அதற்கான இடம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. தகவலைச் சரிபார்ப்பது, ஒரு சொல் வெளியே எப்படி ஒலிக்கும் என்று முன்கூட்டியே உணர்வது, மேலிடத்திடம் "இது வேண்டாம்" என்று சொல்வது ஆகிய மூன்றும் உங்களுக்குக் கைவந்தவை. கற்பிக்கக் கடினமானவையும் இவைதான். ஆப்பின் பொத்தான்களை ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

கேள்வி: செய்திக்குறிப்பை அப்படியே பக்கத்தில் போடுகிறோம். நாளிதழில் நல்ல இடம் பிடித்த செய்திக்கு இங்கே எங்கள் ஊழியர்கள் மட்டும்தான் லைக் போடுகிறார்கள். ஏன்?
– ஒரு கல்வி நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அலுவலர்

செய்திக்குறிப்பு நாளிதழின் உதவி ஆசிரியருக்காக எழுதப்படுவது. அமெரிக்க மக்கள் தொடர்பு முன்னோடி ஐவி லீ 1906இல் பென்சில்வேனியா ரயில்வே விபத்துக்காகப் பத்திரிகைகளுக்கு அனுப்பிய அறிக்கையைத்தான் இந்த வடிவத்தின் தொடக்கமாகச் சொல்வார்கள். நீங்கள் அனுப்புவதிலிருந்து தேவையானதை எடுத்து, தலைப்பிட்டு, வாசகருக்கு ஏற்றபடி மாற்றித் தர நடுவில் ஒருவர் இருந்தார். சமூக ஊடகத்தில் அவர் இல்லை. அந்த வேலையும் இனி உங்களுடையது.

ஒரு நூலகம் புதிய கட்டடத்துக்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறிப்பு "தலைவர் தலைமையில் நடைபெற்ற கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவின்படி" என்று தொடங்கும். உறுப்பினர் அறிய விரும்புவது வேறு: "திங்கள் முதல் நூலகம் புதிய கட்டடத்தில். பழைய அட்டையே செல்லும். கையில் இருக்கும் புத்தகத்தைப் பழைய இடத்தில் வெள்ளிவரை திருப்பித் தரலாம்." குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு, படிப்பவர் கேட்கக்கூடிய கேள்விகளை ஐந்து வரியில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் ஒரு தனிப் பதிவு. அந்த ஐந்துக்கும் விடை குறிப்பில் இல்லை என்றால் குறிப்பே சரியில்லை; நிருபரும் அதைத்தான் போன் செய்து கேட்பார்.

எக்ஸில் சாதாரணக் கணக்குக்கு 280 எழுத்து வரம்பு. தமிழில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். "தமிழ்" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, அங்கே ஐந்து. அதனால் சுமார் 170 எழுத்தில் முடித்துக்கொள்ளப் பழகுங்கள். லிங்க் எவ்வளவு நீளமானாலும் 23 எழுத்தாகவே கணக்கு. இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்துவரை எழுதலாம், ஆனால் அந்தக் குறிப்பில் இடும் லிங்கைத் தொட்டால் திறக்காது. அதைச் சுயவிவரப் பகுதியில் வைக்க வேண்டும். லிங்க்டுஇன்னில் 3,000. எங்கே எழுதினாலும் "மேலும்" என்பதைத் தொடும்வரை முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும். தேதி, இடம், யாருக்கு என்ற மூன்றும் அதற்குள் வந்துவிட வேண்டும்.

லிங்க் பகிரும்போது வரும் படமும் தலைப்பும் உங்கள் இணையப் பக்கத்தின் ஓப்பன் கிராஃப் குறிகளிலிருந்து, அதாவது பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதப்படும் விவரங்களிலிருந்து, எடுக்கப்படுகின்றன. படம் 1200×630 பிக்சல் அளவில் இருக்கட்டும். முக்கியமானதை நடுவில் வையுங்கள், ஓரம் வெட்டுப்படலாம். தலைப்பைத் திருத்திய பிறகும் பழையதே வருகிறது என்று பலர் குழம்புகிறார்கள். முதல் தடவை எடுத்ததைத் தளம் சேமித்து வைத்திருப்பதுதான் காரணம். ஃபேஸ்புக்கின் ஷேரிங் டீபக்கர், லிங்க்டுஇன்னின் போஸ்ட் இன்ஸ்பெக்டர் ஆகியவற்றில் அந்த லிங்கைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

காணொளி என்றால் 1080×1920 பிக்சல், நெடுக்கு வாட்டம். அடியிலும் வலது ஓரத்திலும் ஆப்பின் பொத்தான்கள் மறைக்கும், அங்கே எழுத்து வைக்காதீர்கள். சத்தம் அணைத்துப் பார்ப்பவர்கள் ஏராளம்; திரையில் வசன வரி இல்லாமல் வெளியிட வேண்டாம்.

கேள்வி: எங்கள் அறிக்கைகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறோம். ஃபேஸ்புக்கில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாக வருகிறது.
– ஒரு சங்கத்தின் செய்தித் தொடர்பாளர்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. கணினிக்கு அது இன்னமும் ஆங்கிலம்தான். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் உண்மை வெளிப்பட்டுவிடும். ஒருங்குறியில், அதாவது யுனிகோடில், நேரடியாகத் தட்டச்சு செய்யப் பழகுவதுதான் நிரந்தரத் தீர்வு. பாமினி விசைப்பலகை அமைப்பிலேயே யுனிகோடு தட்டச்சு செய்யும் மென்பொருள்கள் உண்டு; விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

பழைய கோப்புகளை மாற்ற எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் நடுவில் வரும் மின்னஞ்சல் முகவரி, இணைய முகவரி, ஆங்கிலப் பெயர் எல்லாவற்றையும் அந்த மென்பொருள் தமிழ் என்றே நினைத்துக் குதறிவிடும். அவற்றை முதலில் எடுத்துவிட்டு மாற்றுங்கள், பிறகு கையால் திரும்ப இடுங்கள். "கௌ" என்பதை கொம்பும் ளகரமும் சேர்த்து "கெள" என்று அடிக்கும் பழக்கமும் பலருக்கு உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், தேடலில் இரண்டும் வேறு சொல். ஹேஷ்டேக்கில் இப்படி நடந்தால் உங்கள் பதிவுகளே இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும்.

ஃபோட்டோஷாப்பில் யுனிகோடு தமிழின் கொம்பு இடம் மாறி விழுந்தால், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். அறிக்கையைப் படமாக மட்டும் வெளியிடுவதைத் தவிருங்கள். படத்தில் உள்ள எழுத்தைப் பார்வையற்றோரின் திரைவாசிப்பு மென்பொருள் படிக்காது, நிருபர் நகலெடுக்கவும் முடியாது. முழு வாசகத்தைப் பதிவிலோ உங்கள் இணையதளத்திலோ எழுத்தாகவே வையுங்கள்.

கேள்வி: நிருபர்களுக்கு வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் அனுப்புகிறேன். பாதிப் பேர் "வரவே இல்லை" என்கிறார்கள்.
– ஒரு அறக்கட்டளையின் பி.ஆர்.ஓ.

பிராட்காஸ்ட் என்பது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி. அதன் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். புதிதாக வந்த நிருபர், கைப்பேசியை மாற்றியவர் எல்லாரும் விடுபட்டுப் போவது இதனால்தான். புதிய நிருபர் அறிமுகமானால் தனிச் செய்தியில் உங்கள் தொடர்பு அட்டையை அனுப்பி, சேமிக்கச் சொல்லுங்கள்.

குழு தொடங்கினால் 1,024 பேர்வரை சேரலாம், ஆனால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும். நிருபரின் தனி எண்ணை அவரைக் கேட்காமல் போட்டி நிறுவனத்தார் முன் வைப்பது சரியில்லை. குழுவில் கேட்கப்படும் நல்ல கேள்வியையும் எல்லாரும் படித்துவிடுவார்கள். அதனால் கெட்டிக்கார நிருபர் அங்கே வாய் திறக்க மாட்டார். சேனல் ஒருவழிப் பாதை, பொதுமக்களுக்கு ஏற்றது. எங்கள் பரிந்துரை: அறிவிப்புக்குப் பிராட்காஸ்ட், பேச்சுக்குத் தனிச் செய்தி.

புகைப்படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், அச்சுக்கு உதவாது. டாக்குமென்ட்டாக இணைத்தால் மூலத் தரம் அப்படியே போகும். படத்தில் இருப்பவர்களின் பெயர், பதவியை இடமிருந்து வலமாக எழுதி உடன் அனுப்புங்கள்.

கேள்வி: ஒரு பதிவுக்கு மூன்று மேலதிகாரிகள் ஒப்புதல் தர வேண்டும். இரண்டு நாள் ஆகிறது. அதற்குள் பிரச்சினை எங்கேயோ போய்விடுகிறது.
– ஒரு உணவு நிறுவனத்தின் தகவல் தொடர்பு மேலாளர்

2009 ஏப்ரலில் அமெரிக்காவில் டாமினோஸ் பீட்சா கிளை ஒன்றின் இரண்டு ஊழியர்கள் உணவை அசுத்தப்படுத்துவது போன்ற காணொளியை யூடியூபில் ஏற்றினார்கள். பதில் சொன்னால் இன்னும் பரவும் என்று நிறுவனம் முதலில் அமைதி காத்தது. அதன் தலைவர் காணொளியில் தோன்றிப் பேச ஏறக்குறைய இரண்டு நாள் ஆனது. அதற்குள் அதைப் பார்த்தவர்கள் பல லட்சம். நீங்கள் சொல்லும் அதே இரண்டு நாள்.

ஒப்புதலை ஒழிக்கச் சொல்லவில்லை. முன்கூட்டியே வாங்குங்கள். பதில்களை மூன்று அடுக்காகப் பிரித்து, நிர்வாகத்திடம் எழுத்தில் கையெழுத்து வாங்கி வையுங்கள். நேரம், முகவரி, விண்ணப்ப முறை, "பார்த்துச் சொல்கிறோம்" போன்றவற்றுக்கு யாரையும் கேட்க வேண்டாம். ஒரு வாடிக்கையாளரின் குறிப்பிட்ட புகார் என்றால் ஒரே ஒருவரைப் போனில் கேட்டு 30 நிமிடத்தில் பதில். உயிரிழப்பு, வழக்கு, பணமோசடி, பாலியல் புகார் என்றால் தலைவரும் சட்ட ஆலோசகரும் பார்த்தாக வேண்டும். ஆனால் அதற்கும் முதல் அறிவிப்பின் வாசகம் இன்றே தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் மாற்று ஆள் ஒருவர் பெயரும் இருக்கட்டும். ஞாயிறு இரவு ஒருவர் போனை எடுக்காததால் எல்லாம் நின்றுபோவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு.

முதல் அறிவிப்பில் நான்கு செய்திகள் போதும்: நடந்தது தெரியும், இப்போது என்ன செய்கிறோம், எது இன்னும் தெரியவில்லை, அடுத்து எப்போது பேசுவோம். "இன்று காலை எங்கள் கிடங்கில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த பணியாளர்கள் வெளியேற்றப்பட்டுவிட்டனர். காரணம் இன்னும் தெரியவில்லை. அடுத்த தகவலை இதே பக்கத்தில் 11.30 மணிக்குத் தருகிறோம்." அந்த 11.30ஐத் தவறவிடக் கூடாது. புதிதாக ஒன்றும் இல்லை என்றால் அதையே எழுதி, அடுத்த நேரத்தைச் சொல்லுங்கள். இந்தப் பதிவு பக்கத்தின் உச்சியிலேயே நிற்கும்படி பொருத்தி ("பின்" வசதி), ஒவ்வொரு தகவலுக்கும் நேரம் போடுங்கள். எதையாவது திருத்தினால் திருத்தியதாகவே எழுதுங்கள். முதல் அறிவிப்பில் "சிலர் வதந்தி பரப்புகிறார்கள்" என்று எழுதாதீர்கள். அதில் பாதி உண்மை என்று மாலையில் தெரிந்தால் மீள வழியே இல்லை.

சொற்களில் கவனம் மிக முக்கியம். 2017 ஏப்ரலில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து ஒரு பயணி இழுத்து வெளியேற்றப்பட்ட காணொளியை உலகமே பார்த்தபோது, பயணிகளை "வேறு ஏற்பாட்டுக்கு மாற்ற நேர்ந்ததற்காக" என்ற பொருளில் தலைமைச் செயல் அதிகாரி மன்னிப்புக் கேட்டார். ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதம் அந்தப் பயணியையே குறை சொன்னது. அதுவும் வெளியே வந்துவிட்டது. மறுநாள் முழு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. ஊழியர்களுக்கு எழுதும் கடிதத்தையும் பொதுமக்கள் படிப்பார்கள் என்றே நினைத்து எழுதுங்கள்.

நெருக்கடி தொடங்கியதும் முதலில் செய்ய வேண்டியது, நேரம் குறித்து வைத்திருக்கும் பதிவுகளை எல்லாம் நிறுத்துவது. 2013 ஜனவரியில் மாட்டிறைச்சிப் பொருளில் குதிரை இறைச்சி கலந்த சர்ச்சையில் பிரிட்டனின் டெஸ்கோ அங்காடி நிறுவனம் சிக்கியிருந்தபோது, தூங்கப் போகிறோம் என்பதை, குதிரைத் தீனியான வைக்கோலைக் குறிக்கும் "ஹிட் த ஹே" என்ற ஆங்கில மரபுத்தொடரால் சொன்ன பதிவு அதன் கணக்கில் வெளியானது. முன்பே நேரம் குறித்து வைத்த பதிவு அது என்று விளக்கி, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

கேள்வி: மோசமான கமென்ட்களை நீக்கலாமா?
– ஒரு மருத்துவமனையின் பி.ஆர்.ஓ.

கெட்ட வார்த்தை, மிரட்டல், சாதி மத இழிவு, பிறரின் தனிப்பட்ட விவரம், மோசடி லிங்க் இவற்றை நீக்கலாம், நீக்கவும் வேண்டும். விமர்சனத்தை நீக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள்; புகாரோடு "மறைத்தார்கள்" என்ற இரண்டாவது புகாரும் சேரும். எதை நீக்குவோம் என்ற விதியைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். நீக்கும் முன் நீங்களும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

புகாருக்கு முதல் பதில் எல்லாரும் பார்க்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். அங்கே பெயர், நோய், கைப்பேசி எண் எதையும் கேட்காமல், உங்கள் பக்கத்தின் இன்பாக்ஸுக்கு வரச் சொல்லுங்கள். நோயாளி தானாகவே நோய் விவரத்தை எழுதியிருந்தாலும், அவர் உங்களிடம் சிகிச்சை பெற்றதை நீங்கள் பொதுவில் உறுதி செய்யக் கூடாது. தீர்ந்த பிறகு அதே கமென்ட்டுக்கு வந்து "பேசினோம், ஏற்பாடு செய்துவிட்டோம்" என்று ஒரு வரி எழுதுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அந்தப் புகார் தீராததாகவே தெரியும். ஒரே ஆளுக்குப் பொதுவில் இரண்டு பதில் போதும். மூன்றாவது வாக்குவாதமாகிவிடும்.

உங்கள் பெயரில் போலிக் கணக்கு வைத்திருப்பவர்கள் புகார் சொன்னவரைத் தேடிப்பிடித்து "பணத்தைத் திருப்பித் தருகிறோம், வங்கி விவரம் கொடுங்கள்" என்று கேட்பது இப்போது சர்வ சாதாரணம். புகாருக்குத் தாமதமாகப் பதில் சொன்னால், அந்த இடைவெளி மோசடிக்காரருக்குப் போகும்.

கேள்வி: பாஸ்வேர்ட் யாரிடம் இருக்க வேண்டும்? இப்போது ஐந்து பேரிடம் இருக்கிறது.
– ஒரு கூட்டுறவு அமைப்பின் மக்கள் தொடர்பு அலுவலர்

யாரிடமும் பகிரப்படாமல் இருப்பதே சரி. ஃபேஸ்புக் பக்கத்தில் ஒவ்வொருவரின் சொந்தக் கணக்குக்கும் தனித்தனி உரிமை தரலாம். லிங்க்டுஇன்னிலும் யூடியூப் ஸ்டுடியோவிலும் அப்படியே. எக்ஸில், பாஸ்வேர்ட் தராமலே பிறரைப் பதிவிட அனுமதிக்கும் டெலிகேட் வசதி உண்டு. முழு உரிமை இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவர் மட்டும் என்றால் அவர் கணக்கு முடங்கும் நாளில் பக்கமும் போய்விடும். வெளி ஏஜென்சியின் பெயரில் பக்கத்தைத் தொடங்க விடாதீர்கள்.

2013 ஜனவரியில் பிரிட்டனின் எச்எம்வி இசைக் கடை நிறுவனம் ஊழியர்களை வேலையை விட்டு நீக்கிக்கொண்டிருந்தபோதே, நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கிலிருந்து அதை நேரலையாக எழுதினார் ஒரு ஊழியர். ஒருவர் விலகும் நாளில் அவரிடமிருந்து திரும்ப வாங்கும் பொருள்களின் பட்டியலில் இந்த உரிமைகளும் இடம்பெற வேண்டும்.

சொந்தக் கணக்கும் நிறுவனக் கணக்கும் ஒரே ஆப்பில் இருப்பது அடுத்த ஆபத்து. 2011இல் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கில் பீர் குடிப்பதைப் பற்றிய பதிவு வந்தது இப்படித்தான். ஊழியர் தன் கணக்கு என்று நினைத்துப் போட்டது. சங்கம் அதை நீக்கியதோடு, நடந்ததை மறைக்காமல் இலகுவாகச் சொன்னது. பெரிய சேதமில்லை. உங்கள் ஆட்களுக்கு நிறுவன வேலைக்குத் தனிக் கைப்பேசி, முடியாவிட்டால் தனி ஆப்பாவது கொடுங்கள்.

இரட்டைச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் முறை, கட்டாயம். எக்ஸில் குறுஞ்செய்தி வழியிலான சரிபார்ப்பு 2023 மார்ச் முதல் கட்டணச் சந்தாதாரர்களுக்கு மட்டும். மற்றவர்கள் அந்தக் குறியீட்டைக் கைப்பேசியிலேயே உருவாக்கித் தரும் அத்தென்டிகேட்டர் ஆப்பைப் பயன்படுத்த வேண்டும். எக்ஸ் தரும் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டுப் பூட்டி வையுங்கள். 2013 ஏப்ரலில் அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) செய்தி நிறுவனத்தின் கணக்கை ஊடுருவியவர்கள் வெள்ளை மாளிகையில் குண்டுவெடிப்பு என்று ஒரு வரி எழுதினார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை சில நிமிடங்களுக்குச் சரிந்து மீண்டது. "உங்கள் பக்கம் காப்புரிமை மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும்" என்று இன்பாக்ஸில் வரும் லிங்கைத் தொடாதீர்கள். பக்கங்களைப் பறிகொடுப்பவர்களில் பலர் இந்த வலையில் விழுந்தவர்கள்தான்.

கேள்வி: டிரெண்டிங் ஹேஷ்டேக்கில் நாமும் சேர்ந்தால் வளர்ச்சி வருமா?
– ஒரு வாசகி

முதலில் அந்த ஹேஷ்டேக்கில் உள்ள இருபது பதிவுகளையாவது படியுங்கள். 2014இல் டிஜியோர்னோ பீட்சா நிறுவனம், குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்கள் தங்கள் துயரத்தை எழுதிய ஹேஷ்டேக்கில், அது என்னவென்று பார்க்காமல் பீட்சா பற்றி எழுதியது. நீங்களே தொடங்கும் ஹேஷ்டேக்கும் பாதுகாப்பானதல்ல. மெக்டொனால்ட்ஸ் 2012 ஜனவரியில் வாடிக்கையாளர் கதைகளைக் கேட்டுத் தொடங்கியது புகார்களால் நிரம்பியது. சில மணி நேரத்திலேயே விளம்பரத்தை நிறுத்தினார்கள். முதல் பதிலில் சொன்ன எக்செல் தாளில் புகார் அதிகம் என்றால் இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: ஊழியர்களைப் பொதுமக்கள்போலப் பாராட்டி எழுதச் சொல்கிறது நிர்வாகம்.
– பெயர் வெளியிட விரும்பாதவர்

மறுத்துவிடுங்கள். 2006இல் வால்மார்ட் என்ற அமெரிக்க அங்காடி நிறுவனத்துக்கு ஆதரவாக ஒரு தம்பதியின் பயணக் குறிப்புகள் போல வெளியான வலைப்பதிவுக்குப் பின்னால் பணம் இருந்தது வெளியே வந்தபோது, அதை நடத்திய எடெல்மன் என்ற உலகப் புகழ்பெற்ற பி.ஆர். நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. ஊழியர் எழுதலாம், "நான் இங்கே வேலை செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு. பணம் வாங்கிக்கொண்டு எழுதும் பிரபலமும் அது விளம்பரம் என்று பதிவின் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். இன்ஸ்டாகிராமில் அதற்கென்றே கட்டணக் கூட்டு என்ற அடையாளம் உண்டு.

கேள்வி: மாத அறிக்கையில் எதைக் காட்டுவது? லைக் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள்.
– ஒரு பி.ஆர். ஏஜென்சி ஊழியர்

செய்தி வந்த இடத்தை விளம்பர விலையால் பெருக்கிக் காட்டும் பழைய கணக்கை மக்கள் தொடர்பின் பலனை அளப்பதற்காக 2010இல் வெளியான பார்சிலோனா கோட்பாடுகள் நிராகரித்தன. லைக் எண்ணிக்கையை மட்டும் காட்டுவதும் அதே தவறின் புது வடிவம்தான். ரீச் என்பது பார்த்த ஆட்கள். இம்ப்ரெஷன் என்பது திரையில் தோன்றிய தடவைகள். ஒருவர் நான்கு முறை பார்த்தால் ரீச் ஒன்று, இம்ப்ரெஷன் நான்கு. இரண்டையும் கலக்காதீர்கள். 5,000 பேரை எட்டிய பதிவில் 150 எதிர்வினை என்றால் 3 சதவீதம். அதை உங்கள் சென்ற மாதக் கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். பணம் கட்டி பூஸ்ட் செய்தவற்றைத் தனி வரியில் காட்டுங்கள், இல்லையென்றால் மாதத்துக்கு மாதம் எண் தாறுமாறாகத் தெரியும்.

உருப்படியான கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. கேள்வி வந்ததிலிருந்து பதில் போனதுவரை ஆன நேரம். பதில் இல்லாமல் விட்ட கேள்விகள். அறிவிப்புக்குப் பிறகு தொலைபேசியில் அதே கேள்வி குறைந்ததா என்பது. தவறான தகவல் பரவியபோது உங்கள் திருத்தத்தை எத்தனை ஊடகம் எடுத்தது என்பது. லிங்க்களின் இறுதியில் யூ.டி.எம். குறிகள் என்ற அடையாளச் சொற்களைச் சேர்த்தால் யார் எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்று தெரியும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அதில் வெவ்வேறாகப் பதிவாகும் என்பதால் எப்போதும் சிறிய எழுத்திலேயே இடுங்கள். மக்கள் கேட்டதைக் கேட்டு நிறுவனம் எதை மாற்றியது என்று மாதம் ஒரு பத்தி எழுதுங்கள். எங்கள் கணிப்பில் நிர்வாகம் கவனித்துப் படிக்கும் பத்தி அதுதான்.

கேள்வி: என் குழுவில் ஆறு பேர். வகுப்பு எடுத்தால் மறந்துவிடுகிறார்கள். எப்படிப் பயிற்சி தருவது?
– ஒரு தகவல் தொடர்புத் துறைத் தலைவர்

ஒத்திகை வையுங்கள். கற்பனையான ஒரு நிறுவனம், மூடிய வாட்ஸ்அப் குழு ஒன்று, 90 நிமிடம். ஒருவர் நடத்துபவர், மற்ற ஐவரில் ஒருவர் கண்காணிப்பவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் ஒப்புதல் தருபவர், ஒருவர் நிருபர்களுக்குப் பேசுபவர், ஒருவர் நேரம் குறிப்பவர். சாதாரண வேலையில் எழுதுபவரை ஒப்புதல் இருக்கையில் உட்கார வையுங்கள். அந்த இடத்தின் அழுத்தம் அவருக்கும் புரிய வேண்டும்.

நடத்துபவர் முதல் நிமிடத்தில் ஒரு மங்கலான காணொளிப் புகாரை அனுப்புகிறார். 8ஆம் நிமிடம் நிருபர் ஒருவர் கருத்துக் கேட்கிறார். 15இல் உங்கள் பெயரில் ஒரு போலிக் கணக்கு பொய்யான மன்னிப்பை வெளியிடுகிறது. 25இல் ஓர் ஊழியர் தன் சொந்தக் கணக்கில் எழுதிய கோபமான பதிவின் ஸ்கிரீன்ஷாட் வருகிறது. 40இல் தலைவர் எல்லாக் கமென்ட்டையும் நீக்கச் சொல்கிறார். 55இல் புகாரில் ஒரு பகுதி உண்மை என்று தெரிகிறது. பெரும்பாலான குழுக்கள் தடுமாறுவது இந்தக் கடைசிக் கட்டத்தில். அதுவரை எழுதியதில் எதைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் உறைக்கும்.

60ஆம் நிமிடத்தில் நிறுத்தி, மீதி அரை மணி நேரம் நேரக் குறிப்பை வைத்துப் பேசுங்கள். முதல் அறிவிப்பு 20 நிமிடத்துக்குள் போனதா? போகவில்லை என்றால் எந்த இருக்கையில் நின்றது? எந்த வாக்கியம் அதிகத் தடவை திருத்தப்பட்டது? அந்த வாக்கியத்தைச் சரிசெய்து அன்றே வார்ப்புருவில் சேர்த்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருக்கைகளை மாற்றி மறுபடி நடத்துங்கள்.

உண்மையான கணக்குகளில் நுழைந்து இதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும், ஒவ்வொரு படத்தின் குறுக்கேயும் "பயிற்சி" என்று பெரிதாக எழுதுங்கள். ஒத்திகைக்காகத் தயாரித்த ஒரு படம் குழுவை விட்டு வெளியே போனால், அதைப் பார்ப்பவருக்கு அந்த ஒரு சொல்தான் விளக்கம்.